ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காய்ச்சல் போய்விட்டது, பழைய உடம்பு திரும்பவில்லை. டேபிள் முன்னால் கால் மணி நேரம் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. படுத்தால் அடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் செவ்வாய்க்கிழமை வரை எழுந்திருக்க முடிவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகிறது.

ஆறு டாக்டரைப் பார்த்துவிட்டேன். ரத்தம், தைராய்டு, சுகர், ஈசிஜி, எக்கோ, தலை ஸ்கேன், வயிறு ஸ்கேன் எல்லாம் நார்மல். ஐந்தாவது டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. ஃபைலைப் புரட்டிவிட்டு என் வீட்டுக்காரரிடம், "இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். ஆறாவது டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி, ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார். மெடிக்கல் கடைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதுங்க்கா" என்றான். சொன்னபடி நடந்தேன். நான்காம் நாள் படுத்தவள், ஒரு வாரம் எழவில்லை. மாமியார் அக்கம்பக்கத்தில் சோம்பேறி என்கிறார். இப்போது வீட்டுக்காரரும், "ஆறு டாக்டருமா பொய் சொல்லுவாங்க?" என்கிறார். நானே நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏழாவது டாக்டரிடம் போகலாமா, இத்தோடு விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

போங்கள். ஏழாவது டாக்டரிடம் கண்டிப்பாகப் போங்கள். ஆனால் ஆறு பேரிடம் போன மாதிரியே போகாதீர்கள். எப்படிப் போக வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நடிக்கிறேனோ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நின்றால் வருகிறது, படுத்தால் அடங்குகிறது. வேலை செய்த அன்றைக்கு இல்லாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு விழுகிறது. இரண்டும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியிருக்கின்றன. மருத்துவம் படித்தவர்கள் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்கார வேண்டிய மூன்று தகவல்கள் இவை. இவற்றை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதவில்லை, உங்கள் உடம்பைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நடிக்கவில்லை.

உங்களை நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் எதையெல்லாம் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியும். "எல்லாம் நார்மல்" என்ற வார்த்தையை வைத்து எங்கள் தொழிலில் நிறையத் தப்பு நடக்கிறது. பரிசோதனை என்பது நாம் கேட்கிற ஒரு கேள்வி. தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டால் அதற்கு மட்டும்தான் பதில் வரும். எக்கோ எடுக்கும்போது நீங்கள் படுத்திருந்தீர்கள். ஈசிஜி எடுக்கும்போதும் படுத்திருந்தீர்கள். உங்களுக்குத் தொந்தரவு வருவதோ நிற்கும்போது. படுத்திருக்கும்போது அடங்கிவிடுகிற ஒன்றைப் படுக்க வைத்தே தேடியிருக்கிறார்கள், சகோதரி. அப்புறம் எப்படிக் கிடைக்கும்?

இதை மற்ற டாக்டர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெற்கே ஒரு தாலுகா ஊரில், அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இருந்தேன். காலையில் மட்டும் நூற்றைம்பது சீட்டுக்குக் குறையாது. பூ விற்கிற ஒரு அம்மா நான்கு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: "அசதியா இருக்கும்மா." ரத்தம், சுகர், சிறுநீர் பார்த்தேன். எல்லாம் நார்மல். சத்து மாத்திரை எழுதினேன். மூன்றாம் தடவை, "உடம்பெல்லாம் கருத்துப் போச்சும்மா" என்றார். "வெயில்ல உக்காந்து பூ விக்கிறீங்க, கருக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் தடவை அவருடைய மகள் கூட வந்து, "அம்மா உப்பை அள்ளி அள்ளித் திங்குதுங்க" என்றாள். நான் அதையும் காதில் வாங்கவில்லை. அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து வாந்தியோடு, ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி, ஸ்ட்ரெச்சரில் வந்தார். அன்றைக்கு வார்டில் இருந்த சீனியர் டாக்டர் அந்த அம்மாவின் கையைத் திருப்பி உள்ளங்கை ரேகைகளைக் காட்டினார். ரேகைக்குள் கறுப்பு. ஈறிலும் கறுப்புத் திட்டு. வெயில் உள்ளங்கை ரேகைக்குள்ளும் ஈறுக்குள்ளும் புகுந்து கறுக்க வைக்காது. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யாமல் போயிருந்தது. தாமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1855-லேயே எழுதி வைத்த நோய் அது. நம் நாட்டில் காசநோய்க் கிருமி அந்தச் சுரப்பியைத் தின்றுவிடுவதாலும் வரும். உடம்பில் உப்பு தங்காது, அதனால்தான் நாக்கு உப்பைத் தேடியது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டதும் சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

நான் பார்த்த மூன்று பரிசோதனையும் நார்மல்தான். சோடியம், பொட்டாசியம் நான் பார்க்கவில்லை. கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மகள் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த அம்மா என்னிடம் நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது "அசதி" என்று சொன்னால் அந்த உள்ளங்கைதான் ஞாபகம் வரும்.

அந்த நோய் உங்களுக்கு இருக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். நார்மல் என்ற வார்த்தைக்கு எல்லை எது என்று காட்டத்தான் சொன்னேன்.

தேடிக் கிடைக்காததை மனசின் மேல் போடுவது எங்கள் தொழிலில் ரொம்பப் பழைய பழக்கம். வயிற்றுப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். "டென்ஷன் ஆகாதீங்க, காரம் சாப்பிடாதீங்க" என்று எத்தனை தலைமுறைக்குச் சொன்னோம்! ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர் அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமி காரணம் என்று 1980-களில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிறு அழன்று, நிரூபித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் தங்கள் சுபாவத்தைக் குறை சொல்லிக்கொண்டு வயிற்று வலியோடு வாழ்ந்திருப்பார்கள்?

உங்கள் நிலைமைக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. லண்டனில் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் 1955-ல் ஏதோ ஒரு தொற்று போலப் பரவி, ஊழியர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியையே சில மாதம் மூட வேண்டியதாயிற்று. பலருக்கு அசதியும் தசை வலியும் வருடக்கணக்கில் போகவில்லை. 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் படித்துவிட்டு, நோயாளிகளைப் பார்க்காமலே, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. ஹிஸ்டீரியா என்ற வார்த்தையே கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஐந்தாவது டாக்டர் உங்களை விட்டுவிட்டு உங்கள் கணவரிடம் "வீட்ல பிரச்சினையா" என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது. அது உங்களைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே சமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வும் உடம்பில் அசதியாக, வலியாக வரும். அதுவும் உண்மையான நோய்தான், மருந்தும் இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் ஒரு அவமானமும் இல்லை. எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், கேட்காமலே சொல்லுகிற இடத்தில். மனச்சோர்வு என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை உண்டு. முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கிறதா, தூக்கம் எப்படி, பசி எப்படி, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? இதில் ஒன்றையாவது அந்த டாக்டர்கள் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. ரத்தத்தில் கிடைக்காததெல்லாம் மனசில்தான் இருக்கும் என்று கழித்தல் கணக்குப் போடுவது வைத்தியமாகாது. உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். உடம்பு ஒத்துழைத்தால் இதையெல்லாம் செய்வேன் என்று மனசு ஆசைப்படுகிறதா, அல்லது எதிலுமே ஆசை போய்விட்டதா? பதில் இரண்டாவது என்றால் டாக்டரிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். இரண்டு வருடம் இப்படி அலைந்தால் உள்ள நோயோடு மனச்சோர்வும் வந்து சேரலாம். உயிரை விடலாம் என்ற நினைப்பு ஒரு நாளாவது வந்திருந்தால் ஏழாவது டாக்டருக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள்.

இப்போது அந்த ராத்திரி மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. இப்படிப்பட்ட தொந்தரவுக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைப் 10 மில்லிகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். அது மனச்சோர்வுக்காகக் கண்டுபிடித்த மருந்துதான். ஆனால் அதற்கு 75 மில்லிகிராமோ மேலேயோ வேண்டும். 10 மில்லிகிராமில் நரம்பு வலி, ஒற்றைத் தலைவலி, தூக்கம் ஆகியவற்றுக்காகக் கொடுக்கிறோம். டாக்டர் இரண்டு வாக்கியத்தில் இதைச் சொல்லியிருந்தால் மெடிக்கல் கடையில் நின்று நீங்கள் கூனிக் குறுகியிருக்க வேண்டாம். அது எங்கள் தப்பு. இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்து நாடித் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். நின்றால் படபடக்கிற உங்களுக்கு அது தொந்தரவை அதிகமாக்கியிருக்கலாம். சாப்பிட ஆரம்பித்த பிறகு கூடியதா, அப்படியே இருக்கிறதா என்று யோசித்து வையுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டையை எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள்.

நடக்கச் சொன்னது பற்றி. பெரும்பாலான அசதிக்கு நடைப்பயிற்சி நல்லதுதான், நானே நூறு பேருக்குச் சொல்லுகிறேன். ஆனால் உழைத்த மறுநாளும் மூன்றாம் நாளும் உடம்பு விழுகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களை நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டி நடக்க வைப்பது கெடுதல் செய்யும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு, இப்படி நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை முன்பு சிபாரிசு செய்தது. 2021-ல் அதைக் கைவிட்டது. நோயாளிகள் வருடக்கணக்காக "எங்களுக்கு ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. நான்காம் நாள் நீங்கள் படுத்துவிட்டதும் அப்படிப்பட்ட தகவல்தான். "நீங்க சொன்னபடி நடந்தேன், நாலாம் நாள் விழுந்து ஒரு வாரம் எழவில்லை" என்று டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி வாங்கியிருப்பீர்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். அதில் நாடித் துடிப்பும் தெரியும். காலையில் காபி, டீ குடிப்பதற்கு முன்னால், ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, பத்து நிமிடம் பேசாமல் படுத்திருங்கள். துடிப்பு எவ்வளவு என்று உங்கள் கணவரை எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுந்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் குதிகாலை வைத்து, முதுகை மட்டும் சுவரில் சாய்த்து நில்லுங்கள். காலை ஆட்டாதீர்கள், பேசாதீர்கள். இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது நிமிடத்தில் துடிப்பை எழுத வேண்டும். பக்கத்தில் நாற்காலி இருக்கட்டும். கணவர் கை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில் நிற்கட்டும். கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும், பத்து நிமிடம் முடிக்கணும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். முழுசாக மயங்கி விழுந்திருக்கிறீர்கள் என்றால் இதை வீட்டில் செய்யவே வேண்டாம், டாக்டர் முன்னிலையில் மட்டும்.

மூன்று நாள் செய்து பாருங்கள். படுத்திருந்ததைவிட நிற்கும்போது துடிப்பு முப்பதோ அதற்கு மேலோ கூடி, கூடியபடியே நின்று, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருந்தால், அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. சுருக்கமாகப் 'பாட்ஸ்' என்பார்கள். நிற்கும்போது காலுக்கு இறங்குகிற ரத்தத்தை மேலே தள்ள வேண்டிய நரம்புகள் சரியாக வேலை செய்யாததால், இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இது வருவது தெரிந்த விஷயம். கொரோனாவுக்குப் பிறகு நிறைய வந்தது. ரத்தசோகை, உடம்பில் நீர் குறைவு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகியவற்றாலும் துடிப்பு இப்படிக் கூடலாம். அதனால் எண்ணை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். உப்பு அதிகம், தண்ணீர் அதிகம், காலுக்கு இறுக்கமான உறை, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் உப்பைக் கூட்டுவது ஆபத்து.

இரண்டாவதாக ஒரு நோட்டு. நிறைய எழுத வேண்டாம், எழுதினால் டாக்டர் படிக்க மாட்டார். பதினைந்து நாளுக்கு, நாளுக்கு ஒரு வரி. அன்றைக்கு என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டி வந்தது, மாதவிலக்கு நாளா. "ஞாயிறு 1 வாளி துணி. திங்கள் எழ முடியல. செவ்வாய் மதியம் வரை படுக்கை." இவ்வளவு போதும். மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறதா என்றும் குறியுங்கள். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் உடம்பின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. உங்கள் ரத்த ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது என்றே நினைக்கிறேன். அதோடு பி12, சோடியம், பொட்டாசியம், அட்ரினல் சுரப்பி சுரக்கிற கார்ட்டிசோலின் காலை எட்டு மணி அளவு ஆகியவற்றையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்தாயிரம் ரூபாய் மாஸ்டர் செக்கப் மறுபடி வேண்டாம். எக்கோ, ஸ்கேன் மறுபடி வேண்டாம்.

இடையில் யாராவது பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ கொடுத்து, சாப்பிட்டவரை உடம்பு பறந்து, நிறுத்தியதும் விழுந்ததா? அப்படி எதுவும் நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டை நாள்கணக்கில் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினால் அந்தப் பூக்கார அம்மாவின் நிலைமை வரலாம்.

டெங்குவுக்குப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கி வையுங்கள். தொலைந்திருந்தால் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்லுகிறது. உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது, தள்ளிப் போடாதீர்கள்.

இனி அந்த அறைக்குள் போகிற நேரம். உலகம் முழுக்கக் கணக்கெடுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், டாக்டர் நோயாளியோடு செலவிடும் நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்காளதேசத்தில் 48 வினாடி. இந்தியாவுக்குச் சுமார் இரண்டு நிமிடம் என்று வந்தது. அமெரிக்காவில் 1984-ல் பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிய பதினெட்டாவது வினாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று தெரிந்தது. நியாயமே இல்லைதான். ஆனாலும் அந்தப் பதினெட்டு வினாடியை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். "உடம்பெல்லாம் அசதிங்க டாக்டர்" என்று ஆரம்பித்தால் அவர் கை சத்து மாத்திரை எழுதப் போய்விடும். ஆறு டாக்டர் கதையை முதலில் சொன்னால் ஏழாவது டாக்டர் மனசுக்குள் கதவைச் சாத்திக்கொள்வார்.

இப்படி ஆரம்பியுங்கள்: "நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க டாக்டர், கண்ணு இருட்டுது. படுத்தா அஞ்சு நிமிசத்துல அடங்கிருதுங்க. டெங்கு வந்ததுல இருந்து ரெண்டு வருசமா இருக்குது. வீட்ல படுத்தும் நின்னும் நாடி எண்ணி எழுதியிருக்கோம், பாருங்க." சொல்லிவிட்டு அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் நான்கு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வார்த்தை மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தாளின் தலைப்பிலேயே எழுதி வைத்துப் படித்தாலும் தப்பில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்று அவரும் சொன்னால் சண்டை போட வேண்டாம். "ஒண்ணுமில்லைன்னா சந்தோசங்க டாக்டர். நான் நிக்கிறப்ப ஒருதரம் பிரஷர் பாத்துருங்களேன்" என்று கேளுங்கள். மறுக்கிற டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில், "இது என்னவெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சிருச்சு, இன்னும் எதைப் பாக்கணும்?" என்று கேளுங்கள். "எனக்கும் இன்னும் தெரியல, ஒரு மாசம் கழிச்சு வாங்க பாக்கலாம்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவரிடம் ஒரு வருடம் தொடர்ந்து போவது, ஆறு ஸ்பெஷலிஸ்ட்டை ஆறு மாதத்தில் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். பொது மருத்துவத்தில் எம்.டி. படித்த ஒருவர் போதும். அவசியப்பட்டால் இதய மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ அவரே கடிதம் கொடுத்து அனுப்புவார்.

உங்கள் கணவரைக் கூட்டிப் போங்கள். உங்களுக்காகப் பேச அல்ல, தான் பார்த்ததைச் சொல்ல. டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டால், "அவங்களையே கேளுங்க டாக்டர்" என்று அவர் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்கள் சந்தேகம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிச் செலவு செய்துவிட்டு, ஆறு ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆறு டாக்டரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனைவி நிற்கும்போது நாடி எவ்வளவு என்று அவர்கள் ஆறு பேரில் ஒருவராவது பார்த்ததாக இந்தக் கடிதத்தில் இல்லை. அதை முதலில் எண்ணப் போகிறவர் நீங்கள்.

வேலை இடத்தில் ஒரு ஸ்டூல் கேளுங்கள். செக்கிங்கை உட்கார்ந்தும் பார்க்கலாம். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே இருந்தது. சூப்பர்வைசரிடம் சட்டம் பேச வேண்டாம், டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிப் போங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இந்தப் பரிசோதனைகளை அங்கேயே செய்துகொள்ளலாம். டாக்டர் ஓய்வு எழுதினால், விதிப்படி சந்தா கட்டியவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலியும் கிடைக்கும். துணியை ஒரே நாளில் துவைக்காமல் நாளுக்கு நாலு உருப்படியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடியாமல் போவதற்கு முன்னாலேயே உட்காருங்கள். நல்லா இருக்கிற நாளில் விட்ட வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்யத் தோன்றும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

எடை தானாகக் குறைந்தாலும், சாயங்காலக் காய்ச்சலும் ராத்திரி வியர்வையும் வந்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும், ஒரு பக்கக் கை கால் பலம் குறைந்தாலும், வேலை செய்யும்போது நெஞ்சு வலித்தாலும், நினைவு தப்பி விழுந்தாலும் இந்த நோட்டு, நாடிக் கணக்கு எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று நாள் எண்களையும் எனக்கு எழுதுங்கள். படுத்திருந்தபோது எவ்வளவு, பத்தாவது நிமிடம் எவ்வளவு, எண்ணியது யார் என்று.